மஞ்சப்பைக்கு 30 நொடி: பள்ளிச் செயல்திட்டத்துக்குக் குழுவாக விளம்பரப் படம் எடுப்பது எப்படி?

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து குழுவுக்கொரு விளம்பரப் படம் எடுக்க வேண்டியிருந்தது. பொருளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றதும் ஷாம்பூ, குளிர்பானம், செல்பேசி என்று பட்டியல் நீண்டது. ஒரு குழு மட்டும் மஞ்சப்பையைக் கையில் எடுத்தது. ஊரில் மகளிர் சுய உதவிக் குழுவினர் தைத்து விற்கும் துணிப்பை அது. அந்தப் படம் உருவான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். செல்பேசியில் படம் பிடிக்கவும் கணினியில் கோப்புகளைக் கையாளவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்

கேமராவைத் தொடாதீர்கள். குழு முழுவதும் உட்கார்ந்து, படம் பார்ப்பவர் மனத்தில் நிற்க வேண்டியது என்ன என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. இவையெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடமாகவே தெரியும். அதனால் கடல், ஆமை, மாடு, மண்வளம் எல்லாவற்றையும் 30 நொடிக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். அது பேச்சுப்போட்டி உரை, விளம்பரம் அல்ல.

முதல் வரைவில் ‘உலகிலேயே உறுதியான பை’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நிரூபிக்க முடியுமா என்று கேட்டேன். இது வாத்தியார்த்தனமான கேள்வி அல்ல. விளம்பரத்தில் உண்மை என்று சொல்வதற்கு ஆதாரம் காட்ட முடிய வேண்டும் என்பது 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சிலின் விதி. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய அரசும் 2022-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. பள்ளிப் படத்துக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. ஆனாலும் விளம்பரம் எடுக்கப் பழகும்போதே பொய் சொல்லாமல் எடுக்கப் பழக வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. அந்த மாணவியே ஐந்து கிலோ காய்கறியைப் பையில் போட்டுச் சந்தையிலிருந்து வீடுவரை நடந்து பார்த்தாள். பை தாங்கியது. முருங்கைக்காய் குத்தியும் கிழியவில்லை. மறுநாள் அவள் கொண்டுவந்த வாக்கியம்: ‘முருங்கைக்காய்க்கும் அசராத பை.’ படம் அங்கேயே பிறந்துவிட்டது.

ஆறு கட்டம், ஐம்பது சொல்

கோடு போடாத நோட்டில் ஆறு கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஷாட். ஓவியம் அழகாக இருக்கத் தேவையில்லை. யார் எங்கே நிற்கிறார், கேமரா அருகிலா தொலைவிலா என்பது புரிந்தால் போதும். நிதானமாகப் பேசினால் 30 நொடியில் ஐம்பது தமிழ்ச் சொற்களுக்கு மேல் அடங்குவது கடினம். எழுதியதைக் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இந்தப் படத்தில் முதல் 15 நொடிக்கு வசனமே இல்லை: பாட்டி சந்தையிலிருந்து வருகிறார், பிளாஸ்டிக் பை கிழிகிறது, தக்காளி படிக்கட்டில் உருண்டோடுகிறது.

பை கிழியும் ஷாட்டை ஒரு சாண் தூரத்தில், வெயில் பைக்குப் பின்னால் இருக்கும்படி எடுங்கள். முருங்கைக்காயின் நுனி உள்ளிருந்து அழுத்தும்போது பிளாஸ்டிக் உடனே கிழிவதில்லை. அந்த இடம் முதலில் வெளுக்கிறது, பிறகு நூலாக நீள்கிறது, அதன் பிறகே பிளக்கிறது. அந்த வெளுப்பு திரையில் தெரிந்தால் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். இதற்கென்று பிளாஸ்டிக் பை வாங்காதீர்கள். எல்லார் வீட்டிலும் பழையது கிடக்கும்.

வேலைப் பிரிவினை சுருக்கமாக: இயக்கம் ஒருவர், கேமரா ஒருவர், ஒலிக்குத் தனியாக ஒருவர், படத்தொகுப்புக்கு இருவர், மற்றவர்கள் நடிப்பு. நடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கேமராவில் பூட்ட வேண்டியவை

படுக்கைவாட்டில், 1920×1080 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் (வீடியோவை உருவாக்கும் தனித்தனிப் படங்கள்) என்று வையுங்கள். பல செல்பேசிகள் 30-ஐத்தான் முன்னிருப்பாக வைத்திருக்கும். ஆனால் நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். வகுப்பறையில் எடுத்த படத்தில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்வதற்கு இதுவே காரணம். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பட்டை மறையும். உங்கள் கேமரா செயலி இதற்கு இடம் தராவிட்டால் ஆண்ட்ராய்டில் ‘ஓபன் கேமரா’வைப் போட்டுப் பாருங்கள். இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. முடிந்தால் டியூப்லைட்டே இல்லாமல் ஜன்னல் ஓரத்தில் எடுப்பது இன்னும் நல்லது.

அடுத்தது நிறம். வெண்சமநிலையை, அதாவது ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, தானியங்கியில் விட்டால் ஒரு ஷாட்டில் பை எலுமிச்சை நிறத்திலும் அடுத்த ஷாட்டில் ஆரஞ்சு நிறத்திலும் வரும். பொருளின் அடையாளமே அதன் மஞ்சள்தான் என்னும்போது இதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒளி மாறாத வரை, எடுக்கத் தொடங்கும்போதே அதைப் பூட்டுங்கள்.

ஒலி: இங்கே நேரம் செலவிடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மங்கலான படத்தைக்கூடப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லை என்றால் பத்தே நொடியில் தலையைத் திருப்பிவிடுவார். கேமராவாக இருக்கும் செல்பேசி பேசுபவரிடமிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் மைக்குக்கு மின்விசிறியும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் பாட்டியின் குரலும் ஒன்றுதான்.

மைக் வாங்கச் சொல்ல மாட்டேன். இன்னொரு செல்பேசியை எடுத்து, விமானப் பயன்முறையில் போட்டு, ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில், திரைக்குள் வராதபடி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். சட்டைப்பையில் வைத்தால் துணி உரசும் சத்தம் வரும். மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவர்கள் எதிரொலிக்கும் வகுப்பறையைவிட வேப்பமரத்தடி எவ்வளவோ மேல். இரண்டு கருவிகளும் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்கு முன்னால் ஒருமுறை பளிச்சென்று கைதட்டுங்கள். தொகுக்கும்போது ஒலி அலையில் அந்தத் தட்டல் ஊசிபோல எழுந்து நிற்கும். உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமுக்கு நேராக அதை நகர்த்தினால் உதடும் குரலும் பொருந்திவிடும்.

ஆனால் தொடக்கத்தில் பொருந்தியது போகப்போக விலகும். கைதட்டலைச் சரியாகத்தான் வைத்தோமே என்று பிள்ளைகள் திகைத்துப்போவார்கள். காரணம் செல்பேசியில் இருக்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்று நாம் சொன்னாலும், வெளிச்சம் குறைந்தாலோ கருவி சூடேறினாலோ அது எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். தொகுப்பு மென்பொருள்கள் பல, எண்ணிக்கை மாறாது என்று நம்பித்தான் வேலை செய்கின்றன. ஒரே ஷாட்டை நிறுத்தாமல் பல நிமிடம் ஓடவிட்டிருந்தால் விலகல் கண்கூடாகத் தெரியும்.

தீர்வு இரண்டு. ஒவ்வொரு ஷாட்டையும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கைதட்டுங்கள். தொகுக்கும் முன், ‘ஹேண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, வீடியோ பகுதியில் ஃபிரேம் விகிதம் 25, ‘மாறாத விகிதம்’ என்பதைத் தெரிவு செய்து மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதைச் செய்துவிட்டால் பிறகு ஒலியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

தொகுப்பு

என் தேர்வு ‘கேடென்லைவ்’ என்ற தொகுப்பு மென்பொருள். இலவசம், படத்தின் மேல் தன் முத்திரையைக் குத்தாது, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும், பழைய கணினியிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மாறும் ஃபிரேம் விகிதமுள்ள கோப்பைச் சேர்த்தால் மாற்றிக்கொள்ளலாமா என்று அதுவே கேட்கும். ‘டாவின்சி ரிசால்வ்’ வலிமையானது, இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் பள்ளிக் கணினிகள் அதன் சுமையைத் தாங்குவதில்லை. செல்பேசியிலேயே தொகுப்பதை நான் விரும்புவதில்லை. ஒருவர் கையில் கருவி இருக்கும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கணினித் திரை முன்னால் குழுவே உட்கார்ந்து விவாதிக்கலாம்.

படத்துக்கு நான் செய்யச் சொன்ன ஒரே வெட்டு: பை பிளந்த கணத்தில் இசையை நிறுத்திவிடுங்கள். தக்காளி உருளும் சத்தம் மட்டும் கேட்கட்டும். இசைக்குத் திரைப்பாடல் வேண்டாம். அதற்கு உரிமையாளர் உண்டு. இந்தக் குழு தையல் இயந்திரம் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து, அந்தத் தாளத்தின் மேல் மேசையைத் தட்டிச் சேர்த்தது. அதைவிடப் பொருத்தமான இசை அந்தப் பைக்குக் கிடைத்திருக்காது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

‘படத்தின் மேல் போடும் தலைப்பில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன’ என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு காரணங்கள் இருக்கலாம். பாமினி, வானவில் போன்ற பழைய முறை எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை நேரடியாக ஒட்டினால் குப்பையாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். யூனிகோடிலும் உடைந்தால், அந்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். அதோடு போராடாமல் ‘இங்க்ஸ்கேப்’ என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுத்தை அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, காட்சியின் மேல் அடுக்குங்கள். கட்டெறும்பு அளவில் எழுதாதீர்கள். வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து படிக்க முடிய வேண்டும். ‘முக்தா மலர்’, ‘கேட்டமரன்’ (Catamaran) இரண்டும் திரையில் தெளிவாக நிற்கும் இலவச எழுத்துருக்கள்.

இன்னொருவர், நண்பர்கள் அனுப்பிய ஷாட்டுகள் எல்லாம் கலங்கலாக வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘ஆவணம்’ என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள், மூலக்கோப்பு அப்படியே வரும்.

பென்டிரைவில் போட்ட படம் பள்ளித் தொலைக்காட்சியில் ஓடவில்லை, ஒலி மட்டும் கேட்கிறது என்றும் ஒரு புகார். ஏற்றுமதி செய்யும்போது வீடியோவைச் சுருக்கும் முறை எச்.265 என்று இருந்திருக்கலாம். பழைய தொலைக்காட்சிகள் பலவற்றுக்கு அது புரியாது. எச்.264 என்று மாற்றி எம்பி4 கோப்பாக மறுபடி எடுங்கள். திரையிடும் நாளுக்கு முந்தின நாளே அதே தொலைக்காட்சியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.