பேழை கிடைத்துவிட்டதாம்! பகிரும் முன் இதைப் பாருங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வேலூர் கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் வாட்ஸ்அப்பில் நோவாவின் பேழை, அதாவது பைபிளின் பெருவெள்ளக் கதையில் வரும் கப்பல், வந்து நிற்கும். முதலில் இடம் எது என்று பாருங்கள். துருக்கியில் துருபினார் என்ற படகு வடிவ மேடு என்றால், அது 1959-இல் வான்படத்தில் தெரிந்த பழைய கதை; நீளம் சுமார் 160 மீட்டர், ஆதியாகமம் 6:15 சொல்லும் 300 முழத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பதால்தான் இத்தனை ஆரவாரம், ஆனால் நிலவியலாளர்கள் அதை இயற்கையாக உருவானது என்றுதான் சொல்கிறார்கள். (நம்ம ஊர் மலையில் யானை மாதிரி பாறை இல்லையா என்ன!)

அப்புறம், தோண்டியது யார், யார் அனுமதித்தார்கள், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, எந்த ஆய்வகம் சோதித்தது என்று கேளுங்கள். 'ரகசியம்' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடலாம். பெரிய இடங்களே ஏமாந்திருக்கின்றன: வாஷிங்டன் பைபிள் அருங்காட்சியகத்தின் 16 சாக்கடல் சுருள் (பழங்கால பைபிள் கையெழுத்துப் பிரதி) துண்டுகளும் போலி என்று 2020-இல் அறிவித்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பழைய தோலின் விரிசலுக்குள் மை வழிந்திருந்தது, அதாவது தோல் வெடித்த பிறகுதான் எழுதியிருக்கிறார்கள்.

சரி, நாமே மெட்டல் டிடெக்டரோடு கிளம்பலாமா என்றால், இங்கே கண்ட இடத்தில் தோண்டாதீர்கள். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.