ஐந்தாம் இடத்து டீமுக்கு பிளே ஓஃப் அழைப்பு வந்தால்

சீசன் முடிந்து இரண்டு நாளில், இரவுச் சாப்பாட்டு நேரம் பார்த்து அந்த மெசேஜ் வரும். "உங்கள் 12 வயதுக்குட்பட்ட அணி பிளே ஓஃபுக்குத் தகுதி பெற்றுள்ளது. வியாழனுக்குள் பதில் தரவும்." எட்டு டீம் ஆடிய ஃபுட்போல் லீக்கில் ஐந்தாவதாக வந்தவர்களுக்கு அதென்ன தகுதி என்று கேட்காதீர்கள், லீக் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் அந்தச் சுற்றுக்கு ஆறு டீமை எடுக்கிறார்கள். பத்து நிமிடத்தில் வட்ஸ்அப் குரூப்பில் அப்பாமார் கோப்பைப் படம் போடத் தொடங்குவார்கள். அந்த இரவு மட்டும் யாருக்கும் பதில் எழுதாதீர்கள்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பிள்ளைகள் டீமுக்கு நான்கு வருடமாக மெனேஜராக இருக்கிறேன். தண்ணீர்ப் போத்தல்களையும் ஐஸ் பெட்டியையும் பிறப்புச் சான்றிதழ் பிரதிகள் வைத்த ஃபைலையும் தூக்கித் திரிகிற அம்மாவுக்கு எங்கள் ஊரில் மெனேஜர் என்று பெயர். என் மகன் வளர்ந்து மேல் டீமுக்குப் போய்விட்டான், நான்தான் இன்னும் 12 வயதிலேயே நிற்கிறேன். நான்கு தடவையும் இந்த அழைப்பு வந்தது. இரண்டு தடவை போனோம், இரண்டு தடவை போகவில்லை. போன இரண்டில் ஒன்று சரியான பிழை.

அது நான் பொறுப்பெடுத்த முதல் வருடம். 14 பேர் பதிந்திருந்தார்கள், குரூப்பில் எல்லா வீட்டிலிருந்தும் கட்டை விரல் வந்தது, ஓம் என்று போட்டுவிட்டேன். திகதி வந்து பார்த்தால் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. இரண்டு குடும்பம் ஹட்டனுக்குப் பஸ் ஏறிவிட்டது, ஒன்று யாழ்ப்பாணத்துக்கு. ஒருவனுக்குக் காய்ச்சல். இன்னொருவனின் தம்பிக்குப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதால் அந்த வீட்டில் ஊரடங்குச் சட்டம். மீதியில் ஒருவன் எழும்பவே இல்லையாம். ஒன்பது பேர் ஆடும் ஆட்டத்துக்குக் காலை ஏழரைக்கு எட்டுப் பேர் வந்து நின்றார்கள். அதுவும் ஒரே நாளில் இரண்டு மெட்ச். இரண்டாவதில் ஆறு கோல் வாங்கினோம். கோல்கீப்பராக நின்ற பிள்ளை அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கவில்லை. "டியூஷன் கூடிப்போச்சு அக்கா" என்றார் அவனுடைய அம்மா. நான் நம்பவில்லை.

அதனால் இப்போது முதல் வேலை, கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு தலை எண்ணுவது. குரூப்பில் கேட்காமல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஃபோன் பண்ணுங்கள். "மகன் வருவானா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள், நம்முடைய ஆட்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. "இந்த மூன்று திகதியில் எந்தத் திகதி வர ஏலாது?" என்று கேளுங்கள். அப்போதுதான் ஊர்ப் பயணமும், கந்தசஷ்டி விரதமும், மூன்றாம் தவணைப் பரீட்சையும், மச்சாளின் கலியாணமும் வெளியே வரும். எங்கள் டீமில் கத்தோலிக்கப் பிள்ளைகள் நான்கு பேர். ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்பு என்பதால் அந்த நேரத்து மெட்ச் என்றால் அவர்களை எண்ணவே கூடாது. களத்தில் எத்தனை பேர் வேண்டுமோ அதற்கு மேல் மூன்று பேர், அதுதான் என் கணக்கு. ஒன்பது பேர் ஆட்டத்துக்கு 12 நிச்சயமான பெயர் இல்லையென்றால் யோசனையை அங்கேயே நிறுத்திவிடுவேன். பெரியவர்களின் 11 பேர் ஆட்டத்திலேயே ஒரு பக்கம் 7 பேருக்குக் குறைந்தால் மெட்ச் நடத்தக்கூடாது என்பது விதி. ஏழு பேரோடு ஆடலாம் என்று விதி விட்டாலும், நவம்பர் புழுக்கத்தில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையை மாற்றாள் இல்லாமல் ஓடவிட எனக்கு மனம் வராது.

ஆள் தேறினால் அடுத்தது பிள்ளைகளைக் கேட்பது. அப்பாமார் இல்லாத இடத்தில் கேளுங்கள். நான் பயிற்சி முடிந்ததும் கொப்பித் தாளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பேன். பெயர் எழுத வேண்டாம், தமிழோ சிங்களமோ எது வசதியோ அதில் எழுதலாம். போக விருப்பமா? முதல் மெட்சிலேயே தோற்றால் போனது பிழை என்று நினைப்பாயா? பாதி நேரம்தான் ஆடக் கிடைக்கும் என்றால் வருவாயா? மூன்றே கேள்விதான். போன வருடம் 13 துண்டு வந்தது. ஏழில் ஓம். மூன்றில் "அம்மா சொன்னா ஓம்". அதை நான் ஓம் பக்கம் சேர்ப்பதில்லை. இரண்டில் வேண்டாம். கடைசித் துண்டில், "வேணாம், ஆனா டடாகிட்ட சொல்ல வேணாம்." யாருடைய கையெழுத்து என்று எனக்குத் தெரியும். அவனுடைய அப்பாதான் குரூப்பில் முதல் கோப்பைப் படம் போட்டவர்.

பிறகு கோச்சோடு கதைக்க வேண்டும், இதுதான் கொஞ்சம் சங்கடமான இடம். லீக்கில் எல்லாப் பிள்ளைக்கும் சமமாக ஆடக் கொடுக்கிற நல்ல மனிதர், தோற்றால் வெளியே என்ற மெட்ச் வந்தவுடன் வேறு ஆளாக மாறிவிடுவார். கெட்டிக்காரர் ஒன்பது பேர் கடைசி விசில் வரை களத்தில், மற்றவர்கள் வாங்கில். பிள்ளைகளுக்கான போட்டிகளில் வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போக அனுமதிக்கலாம் என்று ஆட்ட விதிகளே சொல்கின்றன. நடத்துபவர்கள் அப்படி விடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். விட்டால் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் பாதி நேரம் ஆடுவதில் தடை இல்லை. "சேர், பெனால்டி வரை இழுபட்டாலும் இந்தப் பாதி நேரக் கணக்கு மாறாதுதானே?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். "பார்ப்போம்" என்று பதில் வந்தால் நான் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்வேன். வாங்கில் உட்கார வைப்பதற்காக ஒரு பிள்ளையை விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்ப முடியாது.

குதிக்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வயதில் குதிக்கால் எலும்பின் வளரும் பகுதி இன்னும் முற்றியிருக்காது. ஓடி ஓடி அந்த இடம் நோகும், சிலருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே. விழுந்து அடிபட்டது போல அது வெளியே தெரியாது. மெட்சுக்கு மறுநாள் காலை படியிறங்கும்போது யார் நொண்டுகிறார்கள் என்று அம்மாமாரிடம் விசாரியுங்கள், கோச்சுக்கு அது தெரிந்திருக்காது. வாரத்தில் எத்தனை மணித்தியாலம் விளையாட்டு என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று சிறுவர் விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும் பயிற்சி, சனி மெட்ச், அதற்கு மேல் ஸ்கூல் டீம், சிலருக்கு கிரிக்கெட்டும். 11 வயதுக்கு 11 மணித்தியாலம் எப்போதோ தாண்டியிருக்கும். மூன்று பேர் நொண்டினால் நான் போவதில்லை.

நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஒரு நாளில் எத்தனை மெட்ச்? முதல் மெட்ச் தோற்றால் உடனே வீடா, இன்னொன்று கிடைக்குமா? சமநிலை என்றால் நேரே பெனால்டியா? முக்கியமாக, காலையா பின்னேரமா? ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேரமானால் இடி முழங்குவது நமக்கெல்லாம் தெரியும். இடி கேட்டால் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் எடுத்து, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறக்க வேண்டும். அதற்கு அந்த மைதானத்தில் உள்ளே ஒதுங்க இடம் இருக்கிறதா? மரத்தடியும் தகரக் கொட்டிலும் உதவாது. இதைக் கேட்டபோது ஒருவர் "மிஸ், மழை வராது" என்றார். அந்த வருடம்தான் போகாமல் விட்ட முதல் வருடம்.

காசைப் பற்றி ஒன்றே ஒன்று. பதிவுக் கட்டணம், வான், சாப்பாடு, ஜீவனி பக்கெட் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) எல்லாம் கூட்டி ஆளுக்கு எவ்வளவு என்ற முழுத் தொகையை, ஓம் சொல்வதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால், கட்ட வழியில்லாத வீடு காசு என்று சொல்லாது, "பிள்ளைக்குச் சுகமில்லை" என்றுதான் சொல்லும்.

எல்லாம் சரிவந்தால் போங்கள், பயப்படத் தேவையில்லை. நாங்கள் சரியாகப் போன அந்த ஒரு தடவை 13 பேர் வந்தார்கள், 13 பேரும் ஆடினார்கள், முதல் சுற்றிலேயே பெனால்டியில் தோற்றோம். பெனால்டி அடிக்க யாருக்கு விருப்பம் என்று முதல் நாளே கேட்டு வைத்திருந்ததால் யாரையும் தள்ளிவிட வேண்டி வரவில்லை. திரும்பும் வழியில் வானுக்குள் பாட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை.

வேண்டாம் என்று முடிவானால், பிள்ளைகளுக்குச் சொல்லும் அன்றே அதற்குப் பதிலாக என்ன என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் காக்கைதீவுக் கடற்கரையில் அப்பாமாருக்கும் பிள்ளைகளுக்கும் மெட்ச் வைத்தோம். ரோல்ஸ், ஐஸ் பக்கெட், மணலில் நாலு செருப்புதான் கோல் கம்பம். அப்பாமார் இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

நடத்துபவர்களுக்கு வியாழன் வரை காத்திராமல் புதனே பதில் போடுங்கள், அடுத்த டீமுக்கு ஆயத்தமாக ஒரு நாள் கூடக் கிடைக்கும். போன வருடம் நாங்கள் அப்படி விட்டுக்கொடுத்த இடத்தில் ஏழாவதாக வந்த டீம் போய் அரையிறுதி வரை ஆடியது. கோப்பைப் படம் போட்ட அந்த அப்பா இன்றைக்கும் என்னைக் கண்டால் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.