‘செக்யூரிட்டி’ என்று போட்டிருந்தால் எதைப் பார்த்துக் கையெழுத்திடுவது?

கடன் படிவத்தில் வரும் ‘செக்யூரிட்டி’யைப் பாதுகாப்பு என்று படித்தால் கணக்கு தப்பிவிடும். அது ஈடு, பாதுகாப்பு கடன் கொடுத்தவருக்கு. பொருள் யார் கையில், பதிவு யார் பெயரில் என்று முதலில் பாருங்கள்.

நகைக்கடனில் நகை வங்கிப் பெட்டகத்துக்குப் போய்விடும். வண்டிக்கடனில் வண்டி உங்களிடம் ஓடும், ஆர்.சி.யில் ‘ஹைப்பாத்திகேஷன்’ (வண்டி உங்களிடம், ஈட்டுரிமை வங்கிக்கு) என்று வங்கியின் பெயர் ஏறியிருக்கும். கடைசித் தவணை கட்டியதால் மட்டும் அது போய்விடாது. தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ.வில் நீக்குங்கள். பலருக்கு வண்டியை விற்கப் போகும்போதுதான் இது தெரியவருகிறது.

வீட்டுக்கடனில் கவனம் கூடுதலாக வேண்டும். பத்திரங்களைக் கொடுக்கும் அன்றே, தாய்ப்பத்திரம் உட்பட ஒவ்வொன்றின் எண்ணும் தேதியும் எழுதிய பட்டியலில் வங்கி முத்திரை வாங்குங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தமிழ்நாட்டில் அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவு செய்து, மறுபடி வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

பொருளே இல்லாத செக்யூரிட்டியும் உண்டு: அடுத்தவர் கடனுக்கு ஜாமீன். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்பார்கள். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் உங்களுக்கு. அவரை விட்டுவிட்டு வங்கி நேரே உங்களிடமே வரலாம். உச்சத் தொகையை எழுதச் சொல்லுங்கள். ‘கன்டினியூயிங் கேரண்டி’ என்றிருந்தால் பின்னால் அவர் வாங்கும் கடனுக்கும் நீங்கள் மாட்டுவீர்கள்.

பங்குச்சந்தையில் ‘செக்யூரிட்டீஸ்’ என்றால் பங்கும் கடன்பத்திரமும். இங்கே பலர் ஏமாறுவது ‘செக்யூர்டு என்.சி.டி.’ (பங்காக மாற்ற முடியாத, ஈடு உள்ள கடன்பத்திரம்) என்ற பெயரில். வங்கி வைப்புக்குள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு இதற்குக் கிடையாது; நிறுவனத்தின் ஏதோ ஒரு சொத்தின்மேல் உரிமை உண்டு, அவ்வளவே. அந்தச் சொத்து நிலமா, வசூலாக வேண்டிய பாக்கியா, கடன் கொடுத்த மற்றவர்களும் அதில் பங்காளிகளா என்று வெளியீட்டு ஆவணத்தில் தேடுங்கள். வெறும் பாக்கி என்றால், நிறுவனம் தள்ளாடும்போது அதுவும் சேர்ந்து கரையக்கூடும்.

வாடகை அட்வான்ஸும் செக்யூரிட்டி டெபாசிட்தான். தொகை, திருப்பும் கெடு, எதற்கெல்லாம் பிடித்தம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, குடிபோகும் நாளில் சுவர், குழாய், மின்மீட்டர் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.