தேசியப் பூங்காக்களுக்கு நீண்ட கார் பயணமா? டயர் காற்றைக் கவனியுங்கள்

ஆட்களும் மூட்டை முடிச்சுமாகக் கார் நிறைந்துவிட்டால் வழக்கமான காற்றழுத்தம் போதாமல் போகலாம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பல கார்களில் முழுச் சுமைக்கான அளவு தனியாகவே இருக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். ஓடிச் சூடான டயர் 4, 5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூட்டிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, நெடுஞ்சாலை வேகத்தில் வெடித்துவிடலாம். ஸ்டெப்னியையும் அளக்க வேண்டும், பலரும் மறப்பது அதைத்தான்.

பூங்காவுக்குள் பல இடங்களில் பெட்ரோலும் கிடைக்காது, செல்போன் சிக்னலும் இருக்காது. முந்தைய ஊரிலேயே டேங்கை நிரப்பி, மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.