இதயப் பட ஆய்வுக்குள் நுழைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயப் பட ஆய்வில் முனைவர் பட்டத்துக்குச் சேர்கிறவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள். வந்த வாரமே தரவை இறக்கி, படங்களிலிருந்து கற்கும் கணினி மாடலை ஓடவிடுவார்கள். ஸ்கேன் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எம்ஆர்ஐயில் படுத்திருப்பவர் ஓரிரு ஸ்லைஸுக்கு (இதயத்தின் குறுக்குவெட்டுப் படம்) ஒருமுறை மூச்சை அடக்க வேண்டும். ஒருமுறை கொஞ்சம் கூடுதலாக இழுத்து நிறுத்தினாலும் உதரவிதானம் இறங்கும், இதயமும் கூடவே இறங்கும். ஸ்லைஸ்கள் கோணல் படிக்கட்டு மாதிரி விலகி நிற்கும். நேரில் பார்த்தவருக்கு இது உடனே புரியும். பார்க்காதவர் புரோகிராமில் பிழை என்று ஒரு வாரம் தேடுவார். நான் தேடியிருக்கிறேன்.

அடுத்ததிலும் நான் மாட்டியவன்தான். ஒருவருக்குப் பத்து ஸ்லைஸ், ஒவ்வொன்றிலும் துடிப்பின் 30 கட்டங்கள் என்றால் 300 படங்கள். எல்லோருடைய படங்களையும் ஒன்றாகக் குலுக்கி, 80 சதவீதம் பயிற்சிக்கு, மீதி சோதனைக்கு என்று பிரித்தால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருப்பார். மாடல் நோயைக் கற்காமல் ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். மதிப்பெண் பிரமாதமாக வரும். வேறொரு மருத்துவமனைப் படத்தைக் கொடுத்ததும் பல்லிளிக்கும். நோயாளி எண்ணை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 2017-இல் வந்த ஏசிடிசி என்ற பொது இதய எம்ஆர்ஐ தரவில் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் ஆட்கள் 150 பேர்தான்.

மாடல் வரைந்த இதய எல்லை நிபுணர் வரைந்ததோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் டைஸ் மதிப்பெண் (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.9-ஐத் தாண்டிவிட்டது என்று குதிக்காதீர்கள். மருத்துவர் கேட்பது, கீழறை ஒரு துடிப்பில் தன் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று சொல்லும் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனை. இடது கீழறை விரிந்தபோது 120 மில்லி, சுருங்கியபோது 54 என்றால் 55 சதவீதம். வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்லைஸைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பத்தில் சுருங்கிய அளவு 60 ஆகிவிட்டால் அது 50-க்கு இறங்கிவிடும். சராசரி மதிப்பெண்ணில் இது தெரியவே தெரியாது.

டி1 மேப்பிங், அதாவது எம்ஆர்ஐயில் தசையின் காந்த மீட்சி நேரத்தை அளந்து படமாக்குவது, செய்கிறவர்களுக்கு: 1.5 டெஸ்லா காந்தப்புலமுள்ள கருவியில் இதயத்தசை சுமார் 1000 மில்லிசெகண்ட் காட்டினால், 3 டெஸ்லாவில் அதே தசை 1200-ஐ ஒட்டி வரும். நோயாளிகளை ஒரு கருவியிலும் ஆரோக்கியமானவர்களை இன்னொன்றிலும் எடுத்து ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது காந்தத்தை.

எக்கோ வீடியோவில் இன்னொரு வில்லங்கம். ஃபைலின் தலைப்பிலிருந்து பெயரை அழித்திருப்பீர்கள். ஆனால் படத்தின் மேல் மூலையிலேயே பெயர் எழுத்தாகப் பதிந்திருக்கும். யாருக்கும் அனுப்பும் முன் ஒவ்வொன்றின் முதல் ஃபிரேமையும் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.