ஸ்கோப்பை விடுங்கள், மவுண்ட்டைப் பாருங்கள்

பழைய ஜெர்மன் ஸ்னைப்பர் துப்பாக்கியை அருங்காட்சியகத்திலோ ஏலப் பட்டியலிலோ பார்த்தால் கண் நேரே குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குத்தான் போகும். முதல் தவறே அதுதான். ஸ்கோப்பை யார் வேண்டுமானாலும் மாற்றி மாட்டலாம். துப்பாக்கியோடு அதைப் பிணைக்கும் மவுண்ட்டில்தான் கைவேலையும் பூர்வீகமும் இருக்கின்றன.

இது ராணுவத்தில் பிறந்த பொருள் என்று நினைப்பது இன்னொரு தவறு. துரிங்கியாவின் சூல் நகரத்துக் கைவினைஞர்கள் வேட்டைத் துப்பாக்கிகளுக்குச் செய்துவந்த கொக்கி மவுண்ட்தான் இதன் மூத்த வடிவம். ஸ்கோப்பின் அடிக் கொக்கிகள் துப்பாக்கி மேலுள்ள குழிகளில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். கொக்கியில் புகைக்கரி தடவி இறக்குவார்கள், உரசிய இடம் தெரியும், அதை மட்டும் அரத்தால் ராவுவார்கள், மறுபடி கரி. மயிரிழை ஆட்டமும் இல்லாதவரை இதே வேலை. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ராட்டிபோர் கோமகன் முன்னின்று வேட்டைக்காரர்களிடம் திரட்டியவை இத்தகைய துப்பாக்கிகளே. அவை பழைய 88 ரகத் தோட்டாவுக்கானவை. புதிய ‘எஸ்’ தோட்டாவைப் போடக் கூடாதென்ற எச்சரிக்கையும் அவற்றில் இருந்தது. ராணுவத்தின் வழக்கமான துப்பாக்கியான கெவேர் 98இல் ராணுவமே ஸ்கோப் பொருத்தியது அதன் பிறகு.

இப்படி ஒவ்வொன்றும் கையால் ராவிப் பொருத்தப்பட்டதால், ஒன்றின் மவுண்ட் மற்றொன்றுக்குச் சேரும் என்று எண்ணி, தனித்தனியே வாங்கி ஜோடி சேர்க்காதீர்கள். துப்பாக்கியின் எண்ணை மவுண்ட்டிலும் பொறித்த வழக்கத்துக்குக் காரணமே இதுதான். எண் பொருந்துகிறதா என்பதோடு, எழுத்தின் வெட்டும் தேய்மானமும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். புதிதாகப் பொறித்த எண் கூர்மையாக மின்னும்.

பல கெவேர் 98களில் ஸ்கோப் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். கோணல் வேலை அல்ல அது. நடுவில் இருந்தால் தோட்டாக்களைக் கோத்த கிளிப்பை வைத்து மேலிருந்து தோட்டா ஏற்ற வழியில்லை.

இரண்டாம் உலகப் போர் துப்பாக்கிகளில் ஏமாற்று வேலை அதிகம். வைமாரின் குஸ்ட்லோஃப் ஆலை 1944இல் கெவேர் 98இன் குட்டை வடிவமான காரபீனர் 98கேயில் நீளப் பக்கத் தண்டவாள மவுண்ட்டைப் பொருத்தியபோது, ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உடற்பகுதி) இடச்சுவரையே தடிப்பாக, தட்டையாகச் செய்தது. வழக்கமான மெல்லிய சுவரில் அந்தத் தண்டவாளம் உட்கார்ந்திருந்தால் பிற்காலக் கைவரிசை என்று சந்தேகிக்கலாம்.

ஸ்கோப் மாட்டும் தடம் இருந்தாலே ஸ்னைப்பர் என்ற கணக்கும் தப்பு. அரைத் தானியங்கித் துப்பாக்கியான கெவேர் 43இன் வலப்பக்கத் தடம் அநேகமாக எல்லாவற்றிலும் ஆலையிலேயே வெட்டப்பட்டது. 1.5 மடங்கு மட்டும் பெரிதாக்கும் இசட்எஃப்41 என்ற ஸ்கோப், குழல் மேலுள்ள பின்குறியின் அடித்தளத்தில் மாட்டப்பட்டது. அதைத் தேர்ந்த ஸ்னைப்பர் கருவி என்பது கொஞ்சம் தாராளம்தான்.

கடைசியாக, சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புபவர்களுக்கு. கொக்கி மவுண்ட்டின் வளையங்கள் பெரும்பாலும் ஸ்கோப் குழாயில் ஈயம் வைத்துப் பற்றப்பட்டவை. அதைக் கழற்றச் சூடு காட்டினால் லென்ஸ்களை ஒட்டியிருக்கும் கனடா பால்சம் பிசின் முதலில் இளகிவிடும். வளையம் கழன்று வருவதற்குள் கண்ணாடி மங்கிப்போயிருக்கும்.