உங்கள் முதல் வலைப்பக்கம்: ஒரு ரசத்தின் செய்முறையை எழுதிப் பார்ப்போம்

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். பழக நோட்பேடும் உலாவியும் போதும். இணைய இணைப்புகூட வேண்டாம்.

இது நிரல்மொழி அல்ல, குறிமொழி. கணக்குப் போடாது, முடிவெடுக்காது. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளம் இடும், அவ்வளவுதான். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இதை உருவாக்கினார். 1991-இல் இருந்தவை 18 குறிச்சொற்கள். தலைப்பு, பத்தி, வேறு பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் சுட்டி ஆகியவற்றுக்கு இன்றும் நாம் அவற்றையே எழுதுகிறோம்.

குறிச்சொற்களைக் கீழே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

படி 1: நோட்பேடில் இந்த எலும்புக்கூட்டை எழுதுங்கள்.

<!டாக்டைப் எச்டிஎம்எல்>
<எச்டிஎம்எல் லாங்="டிஏ">
<ஹெட்>
<மெட்டா சார்செட்="யுடிஎஃப்-8">
<டைட்டில்>மிளகு ரசம்</டைட்டில்>
</ஹெட்>
<பாடி>
<எச்1>மிளகு ரசம்</எச்1>
<பி>சளி பிடித்த நாளில் எங்கள் வீட்டில் வைப்பது.</பி>
</பாடி>
</எச்டிஎம்எல்>

டாக்டைப் என்பது டி, ஓ, சி, டி, ஒய், பி, இ. லாங் என்பது எல், ஏ, என், ஜி. மெட்டா என்பது எம், இ, டி, ஏ. பத்திக்கான பி, பாராகிராஃப் என்ற சொல்லின் முதலெழுத்து. சார்செட் என்பது சி, எச், ஏ, ஆர், எஸ், இ, டி. சாய்கோடு உள்ள குறிச்சொல், திறந்ததை மூடுகிறது. அடுக்குப் பாத்திரம் போல ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூடுங்கள்.

படி 2: 'ரசம்' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்டு, புள்ளி வைத்து, எச்டிஎம்எல் என்று முடித்துச் சேமியுங்கள். வகையில் 'அனைத்துக் கோப்புகள்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது வெறும் உரைக்கோப்பாகிவிடக்கூடும். எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். பிறகு கோப்பை இருமுறை சொடுக்குங்கள், உலாவியில் திறக்கும்.

உரையின் எழுத்துக் குறியாக்கத்தை உலாவிக்குச் சொல்லும் சார்செட் வரியைத் தமிழில் எழுதுகிறவர் ஒருபோதும் விடக் கூடாது. 'ரசம்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ர, ச, ம, புள்ளி என நான்கு குறிகள். யுடிஎஃப்-8 ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (கணினி நினைவகத்தின் சிறு அலகு) எடுக்கும். ஆக 12 பைட். உலாவி தவறாக ஊகித்து, பைட்டுக்கு ஓர் எழுத்தென்று படித்தால் அந்தச் சொல் 12 துண்டுகளாகச் சிதறும். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' திரும்பத் திரும்ப வரும் பக்கத்தைப் பார்த்திருப்பீர்களே, நடந்தது இதுதான். சார்செட் வரி கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும் என்பது விதி. அதனால்தான் டைட்டிலுக்கும் முன்னால் வைத்தோம்.

'டிஏ' தமிழுக்கான மொழிக்குறி; தமிழ் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதல் இரண்டெழுத்து. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இதைக் கண்டுதான் தமிழ்க் குரலுக்கு மாறும். வார்ப்புருவோடு வந்த ஆங்கிலக் குறியை மாற்றாமலே விட்ட தமிழ்ப் பக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. இரண்டே எழுத்துத்தானே!

படி 3: பத்திக்குக் கீழே பட்டியல்கள். பொருள்களுக்கு வரிசை முக்கியமில்லை, <யுஎல்> போதும். செய்முறைக்கு வரிசைதான் உயிர்; அதற்கு <ஓஎல்>. இரண்டிலும் ஒவ்வொரு வரியும் <எல்ஐ>.

<ஓஎல்>
<எல்ஐ>புளியைக் கரைக்கவும்.</எல்ஐ>
<எல்ஐ>மிளகு, சீரகத்தைப் பொடிக்கவும்.</எல்ஐ>
<எல்ஐ>நுரை கட்டியதும் இறக்கவும்.</எல்ஐ>
</ஓஎல்>

எண்களை நீங்கள் எழுத வேண்டாம். நடுவே 'பூண்டைத் தட்டவும்' என்று சேர்த்துப் பாருங்கள். எண்கள் தாமே மாறிக்கொள்ளும்.

எழுத்து பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக <எச்1> போடாதீர்கள். தோற்றத்தைக் கவனிக்க சி.எஸ்.எஸ். என்ற மொழி தனியாக இருக்கிறது. பக்கத்தின் தலைப்புக்கு எச்1, உட்தலைப்புகளுக்கு எச்2, அதற்கும் உள்ளே எச்3 என எச்6 வரை உண்டு. வரியை உடைக்கும் <பிஆர்> குறியையும் (பிரேக் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டெழுத்து) இடைவெளிக்காக அடுக்க வேண்டாம். வெண்பாவின் அடி, அஞ்சல் முகவரி போல வரி முறிவே பொருளின் பகுதியாக இருக்கும் இடத்துக்கு உரியது அது.

படி 4: சுட்டி. <ஏ> குறியில் எச், ஆர், இ, எஃப் என்ற நான்கெழுத்துப் பண்புக்குள் (லாங், சார்செட் போலக் குறிச்சொல்லுக்குள் கூடுதல் விவரம் சொல்லும் பகுதி) முகவரியை எழுதுங்கள். சுட்டியின் சொற்கள் 'இங்கே அழுத்தவும்' என்று இருக்க வேண்டாம். 'ரசப்பொடி அரைக்கும் முறை' என்று போகுமிடத்தைச் சொல்லட்டும்.

படி 5: படம். ஐ, எம், ஜி என்ற குறிக்கு மூடும் குறி கிடையாது. எஸ், ஆர், சி பண்பில் கோப்பின் பெயர். ஏ, எல், டி (ஆல்ட்) பண்பில் படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விவரிப்பு. 'படம்' என்று எழுதி நகர்ந்துவிடாதீர்கள். 'ஈயச் சொம்பில் நுரை கட்டிய மிளகு ரசம், மேலே கொத்தமல்லித் தழை' என்று எழுதுங்கள்.